ஆரஞ்சு தமிழ்ச் சொல் என்றால் ஜெர்மனியில் அது ஏன் ‘சீன ஆப்பிள்’? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்தவற்றில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். படித்துவிடுகிறேன்.

“ஆரஞ்சு என்ற சொல் தமிழிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. என் மகள் வட ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆரஞ்சுப் பழத்தை அப்ஃபெல்சீன என்கிறார்களாம். அவளோடு வேலை செய்யும் கிரேக்கப் பெண் போர்ட்டொகாலி என்கிறாராம். இதில் தமிழ் எங்கே இருக்கிறது? அப்புறம், நெதர்லாந்து கால்பந்து அணி ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறதே, அதற்கும் இந்தப் பழத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். ஐரோப்பாவுக்கு ஆரஞ்சு ஒரு தடவை வரவில்லை, இரண்டு தடவை வந்தது. முதலில் வந்தது புளிப்பும் கசப்புமான பழம். அதோடு நம் பக்கத்துப் பெயர் போனது. ஐந்தாறு நூற்றாண்டு கழித்து வந்தது இனிப்பான பழம். அதற்குச் சில நாட்டார் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் புதுப் பெயர் வைத்தார்கள். அந்த மகள் ஜெர்மனியில் கேட்டதும், கிரேக்கப் பெண் சொன்னதும் அந்தப் புதுப் பெயர்கள். நெதர்லாந்துச் சட்டை தனிக் கதை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் தமிழ். நாரத்தை நமக்குத் தெரியும். உப்பு போட்ட நாரத்தங்காய் இல்லாத ஊறுகாய்க் கடை கிடையாது. அதன் இலையை இடித்துத்தான் வேப்பிலைக்கட்டி செய்கிறோம். பெயரில் வேப்பிலை, உள்ளே இருப்பது நாரத்தை இலை. அகராதிகளில் நாரம், நாரங்கம் என்ற வடிவங்களும் இருக்கின்றன. மலையாளத்தில் நாரங்ங என்றால் எலுமிச்சை வகைப் பழங்களுக்கெல்லாம் பொதுப்பெயர் போல. சின்ன எலுமிச்சை செறுநாரங்ங, இனிப்பான ஆரஞ்சு மதுரநாரங்ங. தெலுங்கில் ஆரஞ்சுக்கே நாரிஞ்ச என்று பெயர். சமஸ்கிருதத்தில் நாரங்க என்று வருகிறது. இந்தச் சமஸ்கிருதச் சொல் திராவிட மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் பெரும்பாலான அகராதிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளும் கருத்து. ஆங்கில அகராதிகளிலும் ஆரஞ்சு என்ற பதிவின் கடைசி வரியில் ‘திராவிட மூலம்’ என்று பார்க்கலாம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். திராவிடம் என்றால் தமிழ், மலையாளம், தெலுங்கு, துளு எல்லாம் சேர்ந்தது. வடக்கே போன வடிவம் இன்ன மொழியிலிருந்துதான் கிளம்பியது என்று பெயர் குறித்துச் சொல்ல யாரிடமும் ஓலை இல்லை. ‘தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிக் குடும்பத்துச் சொல்’ என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ‘தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு’ என்றால் நடுவில் இருக்கும் ஆயிரம் ஆண்டையும் நாலைந்து மொழிகளையும் விழுங்கிவிடுகிறோம்.

இன்னொன்றும் சுற்றுகிறது: ‘நறு’ என்றால் மணம், மணமுள்ள காய் நறுங்காய், அதுதான் நாரங்காய் ஆனது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நறு என்பதில் குறில், வல்லின றகரம். நாரம் என்பதில் நெடில், இடையின ரகரம். தமிழில் இந்த இரண்டும் சும்மா மாறிவிடுவதில்லை. ‘காய்’ என்ற பகுதியைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசலாம். மாங்காயிலிருந்து போர்த்துகீசியரின் மாங்கா, அதிலிருந்து ஆங்கிலத்து மேங்கோ வந்ததே, அதிலும் இதே காய்தான் உட்கார்ந்திருக்கிறது.

சொல் நம் பக்கத்தது என்பதால் மரமும் நம் பக்கத்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வட மியான்மர், சீனாவின் யுன்னான் மாநிலத்து மேற்குப் பகுதி, இந்த வட்டாரம்தான் அவற்றின் தாயகம் என்று அது சொல்கிறது. இன்னும் வேடிக்கை, ஆரஞ்சு தனி இனமே இல்லை. பம்ப்ளிமாஸும் மாண்டரின் என்ற சிறு ஆரஞ்சும் கலந்து பிறந்தது. இனிப்பு ஆரஞ்சும் அப்படித்தான், கசப்பு ஆரஞ்சும் அப்படித்தான். இரண்டும் வெவ்வேறு கலப்பு. மரம் வடகிழக்கிலிருந்து கிளம்பியது, அதற்கு மேற்கே ஒட்டிக்கொண்ட பெயர் தெற்கிலிருந்து வந்தது.

சரி, முதல் பயணம். சமஸ்கிருத நாரங்க பாரசீகத்தில் நாரங் ஆனது. அரபியில் அந்தக் கடைசி ஒலி கிடையாது, ‘தங்கம்’ என்று சொல்லும்போது வருகிறதே, அந்த மெல்லிய க. அது இல்லாததால் அரபியர் அந்த இடத்தில் ஜ போட்டார்கள்: நாரஞ்ஜ். இன்றைக்கு ஐரோப்பாவில் இந்தச் சொல் எங்கே இருந்தாலும் அங்கே ஜகரமோ சகரமோ அதன் உறவினர் ஒலியோ இருக்கும். அரபு வழியாக வந்ததற்கு அதுதான் முத்திரை.

மரம் எப்போது போனது? பாக்தாதில் பிறந்த அல் மசூதி என்ற வரலாற்றாசிரியர் 10ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். நாரஞ்ஜ் மரம் ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது கி.பி. 912ஐ ஒட்டி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது, அங்கிருந்து பாஸ்ராவுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் பரவியது என்கிறார். கூடவே ஒரு குறையும் சொல்கிறார்: இந்தியாவில் இருந்த மணமும் நிறமும் இங்கே இல்லை, அந்த மண்ணும் தண்ணீரும் காற்றும் இங்கே கிடையாதே என்று. வெளிநாட்டில் வாங்கிய முருங்கைக்காயைப் பற்றி நம்மவர்கள் பேசுவது மாதிரியே இருக்கிறது.

அரபியர் கையில் சிசிலித் தீவும் ஸ்பெயினும் இருந்தன. அங்கெல்லாம் தோட்டம் போட்டார்கள். செவில் நகரத்துத் தெருக்களில் இன்றும் வரிசையாக நிற்பவை கசப்பு ஆரஞ்சு மரங்கள்தான். சுற்றுலா போகிறவர்கள் பறித்துத் தின்று முகம் சுளிப்பார்கள். அந்தப் பழம் தின்பதற்கு இல்லை. ஜனவரி வந்தால் பிரிட்டனுக்குப் பெட்டி பெட்டியாகப் போகும், மார்மலேட் காய்ச்ச. (மார்மலேட் என்ற சொல்லே ஆரஞ்சுக்கு உரியதில்லை. போர்த்துகீசிய மொழியில் மர்மெலு என்பது வேறொரு பழம், ஆங்கிலத்தில் குயின்ஸ் என்பார்கள். அதில் செய்த பாகுக்கு மர்மெலாடா என்று பெயர். பழம் மாறியது, பெயர் மாறவில்லை.)

ஆக, மத்திய கால ஐரோப்பியர் ‘ஆரஞ்சு’ என்று சொன்னபோது அவர்கள் வாயில் வந்த சுவை நம் நாரத்தையின் சுவைக்குப் பக்கத்தில் இருந்தது. இறைச்சிக்குப் பிழிவார்கள், தோலைச் சர்க்கரையில் ஊறவைப்பார்கள், பூவிலிருந்து பன்னீர் போல வடிப்பார்கள். உரித்துச் சுளை சுளையாகத் தின்னும் பழம் அல்ல.

இப்போது சொல் என்ன ஆனது என்று பாருங்கள். ஸ்பானிய மொழி அரபுச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டது: நரங்ஹா. ஹங்கேரிய மொழியிலும் நகரம், அதாவது முதலில் வரும் ‘ந’ எழுத்து, பத்திரம்: நரான்ச். கிரேக்கத்திலும் நெராந்த்ஸி. போர்த்துகீசியர் லரான்ஜா என்கிறார்கள்; ஒரே சொல்லில் இரண்டு மூக்கொலி நெருங்கி வந்தால் ஒன்றை வேறாக்கிவிடுவது பேச்சின் இயல்பு, அதனால் முதல் ந, ல ஆனது. இத்தாலியில் வெனிஸ் பக்கத்துப் பேச்சில் நகரம் தங்கியது, பொது இத்தாலியில் கழன்றுவிட்டது: அரான்ச்சா. ‘உனா’ என்றால் ஒரு. உனா நரான்ச்சா என்று வேகமாகச் சொல்லும்போது நகரம் முன் சொல்லுடையதா பின் சொல்லுடையதா என்று தெரியாமல் போய்விட்டது. பிரெஞ்சில் இன்னொரு வேலையும் நடந்தது. அங்கே தங்கத்துக்குப் பெயர் ‘ஓர்’. பழம் பொன்னிறம். அதனால் அரான்ஜ் என்பதை ஒரான்ஜ் என்று திருப்பிவிட்டார்கள். லத்தீன் படித்த பண்டிதர்களும் சும்மா இருக்கவில்லை. அவுரும் என்ற தங்கத்தைச் செருகி அவுரான்தியும் என்று ஒரு லத்தீன் சொல்லைச் செய்தார்கள். நாரத்தைக்கு அப்படித் தங்க முலாம் பூசினார்கள்.

இந்த இடத்தில் இணையத்தில் பரவியிருக்கும் ஒரு தவறைத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் ‘எ நாரஞ்ச்’ என்று இருந்தது, அதை ‘அன் ஆரஞ்ச்’ என்று பிரித்துவிட்டார்கள் என்று ஒரு கதை. ஆங்கிலத்தில் அப்படி நடக்காமல் இல்லை. சமையலில் இடுப்பில் கட்டும் ஏப்ரன் பழைய நாளில் நேப்ரன். ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் அம்பயர் முன்பு நூம்பயர். விரியன் பாம்பைக் குறிக்கும் ஆடர் முன்பு நாடர். ஆனால் ஆரஞ்சு இந்தப் பட்டியலில் சேராது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. வரும்போதே நகரம் இல்லாமல்தான் வந்தது. ‘நாரஞ்ச்’ என்று எழுதிய ஆங்கில ஏடு எதுவும் கிடையாது. கழன்றது இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட நிலத்தில்.

இனி இரண்டாம் பயணம். நேயர் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது 1498. போர்த்துகீசியர் சீனக் கரையில் மக்காவில் காலூன்றியது 1557. இந்தக் காலத்தில்தான் இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பெருகுகிறது, குறிப்பாக லிஸ்பன் வழியாக. அதைத் தின்று பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம். உருவம் பழைய புளிப்புப் பழம், உள்ளே தேன். இதை என்னவென்று அழைப்பது?

திரையில் இப்போது ஐரோப்பா வரைபடம் வருகிறது. மூன்று நிறம் தீட்டியிருக்கிறேன். மேற்கும் தென்மேற்கும், அப்புறம் போலந்து, செக், ஹங்கேரி இவையெல்லாம் ஒரு நிறம்: பழைய பெயரே புதுப் பழத்துக்கும். கிழக்கு மத்தியதரைக் கடல் ஓரம் இரண்டாம் நிறம்: கிரேக்கத்தில் போர்ட்டொகாலி, ருமேனியாவில் போர்த்தொகாலெ, பல்கேரியாவிலும் அல்பேனியாவிலும் அதே சொல், துருக்கியில் போர்த்தகால், அதைத் தாண்டி ஜார்ஜியா வரைக்கும். எல்லாமே ‘போர்ச்சுகல்’ என்ற நாட்டுப் பெயர். கப்பல் எங்கிருந்து வந்ததோ அந்த நாடே பழத்துக்குப் பெயர். அரபியரும் இனிப்புப் பழத்தைப் புர்த்துகால் என்கிறார்கள்; ஐரோப்பாவுக்குப் பெயர் கொடுத்தவர்களே பிறகு ஐரோப்பாவிலிருந்து பெயர் வாங்கினார்கள். இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் பேச்சிலும் புர்த்துவல்லோ. ஆனால் போர்ச்சுகலில் மட்டும் யாரும் அதைப் போர்ச்சுகல் என்று சொல்வதில்லை. அங்கே அது லரான்ஜாதான், பழைய நாரங்கம்.

போர்ச்சுகல் என்ற பெயருக்கே என்ன பொருள்? லத்தீனில் போர்த்துஸ் என்றால் துறைமுகம். தூரு ஆற்றின் கழிமுகத்தில் காலே என்று ஓர் ஊர் இருந்தது. போர்த்துஸ் காலே, காலேத் துறை. அதுவே நாட்டுக்குப் பெயரானது. இப்போது ஏதென்ஸில் ஒருவர் சந்தையில் ‘இரண்டு கிலோ போர்ட்டொகாலி’ என்று கேட்கும்போது, தெரியாமலே ஒரு பழைய ரோமானியத் துறைமுகத்தை எடை போடச் சொல்கிறார்.

மூன்றாம் நிறம் வடக்கு. நெதர்லாந்தில் சினாஸ்அப்பல். ஜெர்மனியின் வடக்கே அப்ஃபெல்சீன. ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து, பால்டிக் நாடுகள், ரஷ்யா, எல்லாவற்றிலும் அப்பெல்சின் என்ற வடிவத்தின் சிறு மாற்றங்கள். பொருள் ‘சீன ஆப்பிள்’. ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் துறைமுகங்களில் சரக்கு இறங்கியது, அங்கிருந்து பால்டிக் கடல் வழியாகப் பெயரும் பழமும் ஒன்றாகப் போயின. ஆங்கிலேயரும் ஒரு காலம் ‘சைனா ஆரஞ்ச்’ என்றே சொன்னார்கள், பின்னால் சைனாவை விட்டுவிட்டார்கள். வேடிக்கையாக, ஸ்பானிய மொழி பேசும் போர்ட்டோ ரிக்கோ தீவில் தலைகீழாக நடந்தது: ஆரஞ்சை விட்டுவிட்டுச் சைனாவை வைத்துக்கொண்டார்கள். அங்கே கடையில் ‘சீனா’ என்று கேட்டால் இனிப்பு ஆரஞ்சு தருவார்கள்.

ஆப்பிள் எப்படி நுழைந்தது என்று கேட்பீர்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஆப்பிள் என்பது முன்பு எந்தப் பழத்துக்கும் பொதுப்பெயர். பிரெஞ்சில் உருளைக்கிழங்கு ‘மண் ஆப்பிள்’. இத்தாலியில் தக்காளி ‘தங்க ஆப்பிள்’. டச்சில் மாதுளை ‘மணி ஆப்பிள்’. ஆங்கிலத்தில் அன்னாசி ‘பைன் ஆப்பிள்’. தெரியாத பழம் வந்தால் அதற்கும் ஓர் ஆப்பிள். போலந்தில் ஆரஞ்சுக்குப் பொமரான்ச்சா, செக் மொழியில் பொமெரான்ச் என்கிறார்களே, அதில் முன்னால் இருக்கும் ‘பொம’வும் லத்தீன் வழி வந்த அதே பழச்சொல்; பின்னால் இருப்பது இத்தாலியரின் அரான்ச்சா. அதாவது போலந்துக்காரர் வாயிலும் நாரங்கம் இருக்கிறது, உற்றுக் கேட்டால் தெரியும்.

‘இரண்டு பயணம்’ என்று நான் சொல்வதற்கு என்ன சான்று? வரைபடத்தை விட இதுதான் எனக்குப் பிடித்த சான்று. சில மொழிகளில் இரண்டு பெயருமே உயிரோடு இருக்கின்றன. கிரேக்கத்தில் போர்ட்டொகாலி இனிப்புப் பழம், நெராந்த்ஸி கசப்புப் பழம். ஜெர்மனில் அப்ஃபெல்சீன இனிப்பு, பொமெரான்ட்ஸெ கசப்பு. ரஷ்ய மொழியில் அப்பெல்சின் இனிப்பு, பொமெரானெட்ஸ் கசப்பு. அரபியில் புர்த்துகால் இனிப்பு, நாரஞ்ஜ் கசப்பு. எந்த மொழியில் பார்த்தாலும் பழைய பெயர் கசப்புப் பழத்தோடும், புதுப் பெயர் இனிப்புப் பழத்தோடும் நிற்கிறது. ஒன்றில்கூட மாறி நிற்கவில்லை. இது தற்செயலாக நடக்காது. தாவரவியல் பெயர்களிலும் இதே பிரிவு பதிந்திருக்கிறது: கசப்பு ஆரஞ்சு சிட்ரஸ் அவுரான்ஷியம், அதாவது தங்கமுலாம் பூசிய நாரங்கம், இனிப்பு ஆரஞ்சு சிட்ரஸ் சைனென்சிஸ், அதாவது சீனத்தது.

புதுப் பழம் எவ்வளவு புதிதாக இருந்தது என்பதற்கு ஒரு சின்னச் செய்தி. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்று ஓர் அரசு அதிகாரி நாட்குறிப்பு எழுதினார். 1669 மார்ச்சில் ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாற்றைச் சர்க்கரை போட்டு ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். அருமையாக இருந்தது, ஆனால் புதுப் பண்டமாயிற்றே, உடம்புக்கு ஏதாவது செய்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து நெதர்லாந்துச் சட்டை. இதில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். டச்சு மொழியில் ஆரஞ்சுப் பழம் சினாஸ்அப்பல் என்று பார்த்தோம். பழத்துக்கு ஆரஞ்சு என்றே சொல்லாத நாட்டில் அணிக்கு மட்டும் ‘ஒரான்யெ’ என்று பெயர் எப்படி? அது ஊர்ப் பெயர். தென் பிரான்சில் ரோன் ஆற்றுப் பக்கம் ஒரான்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய பெரிய அரங்கம் இன்றும் அங்கே நிற்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அராவுசியோ. கெல்ட் மக்களின் ஒரு நீர்த்தெய்வத்தின் பெயர் அது என்பார்கள். கி.மு. 105இல் ரோமானியப் படை அங்கே படுதோல்வி அடைந்தது. அந்த நாளில் ஐரோப்பாவில் ஆரஞ்சு மரமே இல்லை. நூற்றாண்டுகள் போகப் போக அராவுசியோ தேய்ந்து ஒரான்ஜ் என்று ஆனது. அதே நிலப்பகுதியில் அரபுச் சொல்லும் தேய்ந்து ஒரான்ஜ் என்று வந்து நின்றது. இரண்டு சொல், இரண்டு வேர், ஒரே ஒலி.

அந்த ஊர் ஒரு குட்டிச் சமஸ்தானம். 1544இல் அதன் அதிபர் பிள்ளையில்லாமல் போரில் இறந்தபோது, நசாவ் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய சிற்றப்பா மகனுக்குப் பட்டம் போனது. பையனுக்கு வயது 11. பெயர் வில்லியம். பிற்பாடு ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து டச்சு மக்களின் கிளர்ச்சியை முன்நின்று நடத்தியவர் அவர்தான். 1584இல் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வம்சம்தான் இன்றும் நெதர்லாந்தின் அரச குடும்பம், ஒரான்யெ-நசாவ். குடும்பப் பெயரும் நிறத்தின் பெயரும் ஒன்றாக ஒலித்ததால் அந்த நிறத்தையே கொடியில் ஏற்றினார்கள்: ஆரஞ்சு, வெள்ளை, நீலம். நியூயார்க் நகரக் கொடியில் இந்த மூன்று நிறமும் இருப்பது அங்கே முதலில் குடியேறியவர்கள் டச்சுக்காரர்கள் என்பதால். இங்கிலாந்து அரியணை ஏறிய மூன்றாம் வில்லியமும் இதே குடும்பம். அவர் 1690இல் அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரையில் வென்றார். அயர்லாந்துக் கொடியில் உள்ள ஆரஞ்சுப் பட்டை அவரைப் போற்றும் புராட்டஸ்டண்ட் மக்களைக் குறிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய ஆற்றுக்கும் இந்தக் குடும்பத்தின் பெயர்தான். ஆற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வைத்ததில்லை.

கேரட்டை ஆரஞ்சு நிறத்தில் வளர்த்ததும் இந்த அரச குடும்பத்துக்கு மரியாதை செய்யத்தான் என்று ஒரு செய்தி உலாவுகிறது. டச்சு விவசாயிகள் 17ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சுக் கேரட்டைப் பெருக்கினார்கள் என்பது உண்மை. மரியாதைக்காக என்பதற்கு ஆதாரம் எதையும் யாரும் காட்டியதில்லை. பகிர்வதற்கு முன் யோசியுங்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பழம் முதலில், நிறம் பிறகு. ஆங்கிலத்தில் ஆரஞ்சு என்ற சொல் நிறத்துக்கு வழங்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான். அதற்கு முன் அந்த நிறத்தைச் சிவப்பில் சேர்த்தார்கள், அல்லது இரண்டு நிறத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ராபின் குருவியின் மார்பு நல்ல ஆரஞ்சு நிறம், பெயரோ ‘செம்மார்பு’. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் நரியின் நிறத்தை ‘மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே’ என்று சொல்லித் தப்பிக்கிறார். பழைய ஆங்கிலத்தில் மஞ்சள்-சிவப்பு என்று ஒரு கூட்டுச்சொல்லே இருந்தது. இலங்கைத் தமிழர் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே செம்மஞ்சள் என்று படிக்கிறார்களே, அச்சு அசல் அதே கூட்டல். ஸ்வீடனில் முன்பு ‘நெருப்பு மஞ்சள்’ என்றார்கள். ஐஸ்லாந்தில் இன்றும் ‘அப்பெல்சின் மஞ்சள்’.

இப்போது அந்த மகளிடம் நீங்கள் சொல்லக்கூடிய நல்ல செய்தி ஒன்று உண்டு. ஜெர்மனில் பழம் சீன ஆப்பிளாக இருந்தாலும் நிறத்துக்குப் பெயர் ‘ஒரான்ஷ்’தான், பிரெஞ்சிலிருந்து வாங்கியது. டென்மார்க்கிலும் ரஷ்யாவிலும் அப்படியே: பழத்துக்குச் சீனா, நிறத்துக்கு நாரங்கம். ஜெர்மனியின் தெற்கே பழத்துக்கும் ஒரான்ஷெ என்ற பெயரே அதிகம். வடக்கேயும் கடையில் சாற்றுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரான்ஷென்ஸாஃப்ட் என்றுதான் அச்சடித்திருக்கும். அதனால் ‘தமிழ் எங்கே’ என்று கேட்டால், குளிர்பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நம் ஊரில் என்ன ஆனது? நாரத்தை என்ற பெயர் புளிப்புக் காயோடு நின்றுவிட்டது. இனிப்புப் பழத்துக்குக் கிச்சிலி என்று ஒரு பழைய பெயர் இருந்தது, இப்போது யாரும் சொல்வதில்லை. கன்னடத்தில் கித்தளெ என்று அதே சொல் நன்றாகப் புழங்குகிறது. இலங்கையில் தோடம்பழம். பேஷன் ஃப்ரூட் அங்கே கொடித்தோடை, எனக்கு மிகவும் பிடித்த பெயர். தமிழ்நாட்டில் நாம் ஆங்கிலத்திலிருந்து ஆரஞ்சு என்று வாங்கிக்கொண்டோம். பாரசீகம், அரபு, இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து எல்லாம் சுற்றி, வழியில் முதல் ‘ந’ எழுத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த சொல் அது. அதை விலக்கிவிட்டு நாரங்கம் என்று சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழக்கடையில் நாரங்கம் என்று கேட்டால் நாரத்தங்காயைத்தான் எடுத்துத் தருவார்கள், வீட்டுக்குப் போய் உரித்த பிறகுதான் வருத்தப்படுவீர்கள்.

இதே வாரம் இன்னொருவர், ‘லெமன் என்பதும் எலுமிச்சையிலிருந்து போனதா’ என்று கேட்டிருக்கிறார். ஒலி நெருக்கமாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சொல்லைப் பின்னோக்கித் தேடிப் போனால் அரபி லைமூன், பாரசீக லீமூ என்று போய், மலாய் மொழியின் லிமாவ் பக்கம் திரும்புகிறது. அதற்குத் தனி வரைபடம் வேண்டும், அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.